பத்து எண்ணும் வரை

ஜனவரி 9

கணக்கு டீச்சருக்கு,

பதினேழு வருடம் கழித்து எழுதுகிற கடிதத்தை நலம் விசாரித்து ஆரம்பித்தால் எனக்கே சிரிப்பு வரும். நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு நான் எழுதிய 'கடைசிப் பீரியட்' நாடகத்தின் பிரதி என்னிடம் இல்லை. என்னுடையதை விழா நடந்த அன்று சாயங்காலமே கிழித்துப் போட்டேன். திரைக்குப் பக்கத்தில் நின்று பிள்ளைகளுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பதற்காக உங்களுக்கென்று தனியாக ஒரு நோட்டில் முழுவதையும் எழுதித் தந்திருந்தேன். பச்சை அட்டை போட்ட நோட்டு. பிள்ளைகளின் பழைய விடைத்தாளைக்கூடக் கயிறு போட்டுக் கட்டி வைக்கிற ஆள் நீங்கள். அதனால் அது பத்திரமாக இருக்கும் என்று நம்பிக் கேட்கிறேன்.

இங்கே நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். நோட்டீஸ் அடிக்க வந்த ஒரு நாடகக் குழுவோடு பேச்சு வளர்ந்தது. எல்லாரும் சின்ன வயது, பாதிப் பேர் பள்ளிக்கூட வேலையில் இருப்பவர்கள். கதையைச் சொன்னேன். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் "புரிஞ்சுதா?" என்று கேட்கிற ஒரு டீச்சர். "புரிஞ்சுது டீச்சர்" என்று ஒரே குரலில் கத்துகிற வகுப்பு. பாடம் முடிந்ததா என்பதை மட்டுமே கேட்கிற தலைமையாசிரியர். கடைசியில், மேலதிகாரி வந்து உட்கார்ந்திருக்கும்போது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, வெகு நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "புரியல டீச்சர்" என்கிறாள். டீச்சர் கரும்பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். மணி அடிக்கிறது. திரை. குழுவை நடத்துகிற பெண் கேட்டுவிட்டு, "இதை நாங்க போடறோம் ஐயா, எழுத்து எங்க இருக்கு?" என்றாள்.

எழுத்து உங்களிடம் இருக்கிறது. அன்று மேடையில் அந்த நாடகத்துக்கு என்ன கதி நேர்ந்தது என்பது நம் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேச நான் எழுதவில்லை. நோட்டை அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தமிழாசிரியர் (முன்னாள்)


ஜனவரி 21

தமிழய்யாவுக்கு,

உறையின் மேல் இருந்த கையெழுத்தைப் பார்த்ததுமே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாள் பிரிக்கவில்லை. பிரித்தால் அதே ஆள்தான். கோபத்தில்கூட ஒரு ஒற்று விட்டுப்போகவில்லை. என் கடிதத்தில் சந்திப் பிழை இருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

நோட்டு இருக்கிறது. அலமாரியின் மேல்தட்டில், பழைய லாகரிதம் புத்தகங்களுக்கு அடியில். எடுத்துத் துடைத்தேன், திறந்து பார்க்கவில்லை. ஆசிரியர் அறையில் ஒரே மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அதை நாம் வெட்டி ஒட்டியது ஞாபகம் வந்தது. கடைசிக் காட்சியில் படிப்பு எதற்கு என்று அந்தப் பெண் மூன்று பக்கத்துக்கு வசனம் பேசுவது மாதிரி எழுதிக்கொண்டு வந்தீர்கள். "அந்தப் பிள்ளைக்கு மூச்சு நின்னுடும் ஐயா, இவ்வளவும் ஒரே வார்த்தையில வருமே" என்றேன். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தீர்கள்.

இருப்பது இந்த ஒரு பிரதிதான். தபாலில் போட்டுத் தொலைந்துபோனால் என்ன செய்வது? நகல் எடுக்கலாம் என்றால், இங்கே இருக்கிற ஒரே ஜெராக்ஸ் கடைக்கு என்னால் போக முடியாது. காரணம் கேட்காதீர்கள். யாராவது நேரில் வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

மே மாதம் எனக்கு ஓய்வு. துணைத் தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்து முதுகு கூன் விழுந்ததுதான் மிச்சம்.

கணக்கு டீச்சர்


ஜனவரி 30

டீச்சர்,

ஜெராக்ஸ் கடைக்குப் போக முடியாதா? பக்கத்துத் தெருவுக்குப் போய் நாற்பது பக்கம் நகல் எடுப்பதில் என்ன சங்கடம் என்று எனக்கு விளங்கவில்லை. கொடுக்க மனமில்லை என்றால் அப்படியே எழுதிவிடலாம்.

பேசவேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். நாற்காலியைப் பற்றி நீங்களே எழுதிவிட்டீர்கள்.

குழுப் பெண் என்னிடம், "முதல் தடவை போட்டப்ப ஜனங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். கடைசிக் காட்சியில் அந்தப் பெண் பிள்ளை எழுந்து நின்றாள். நின்றாள், நின்றாள், பிறகு "புரிஞ்சுது டீச்சர்" என்றாள். மொத்த நாடகமும் அந்த ஒரு சொல்லில் தலைகீழாகிவிட்டது. டீச்சர் வேஷம் போட்ட பெண் அழிப்பானைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள். முன்வரிசையில் இருந்தவர்கள், பள்ளிக்கூடத்தின் பெருமையைச் சொல்லும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துத் தலைமையாசிரியர் திரைக்குப் பின்னால் வந்து, என் கண் முன்னாலேயே உங்களைப் பார்த்து, "நல்லா சமாளிச்சீங்க டீச்சர்" என்றார். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் உங்களுக்குப் பதவி உயர்வு என்று கேள்விப்பட்டேன்.

'புரியல' என்கிற வசனம் வேண்டாம், விருந்தினர் முன்னால் மானம் போகும் என்று அவர் ஒத்திகையிலேயே குதித்தவர். இதையெல்லாம் சொல்லி முடித்ததும் குழுப் பெண் கேட்டாள்: "நீங்க அவங்களைக் கேட்டீங்களா ஐயா?"

கேட்கவில்லை என்றேன். இப்போது கேட்கிறேன். அவர் சொல்லித்தான் வசனத்தை மாற்றினீர்களா?


பிப்ரவரி 11

ஐயா,

இல்லை.

அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது உண்மை. "அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் மாத்தி எடுத்துக் கொடுத்துடுங்க" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். பதவி உயர்வு பணிமூப்பில் வந்தது. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

ஆனால் மாற்றிச் சொன்னது நான்தான். இதை எழுதப் பத்து நாள் ஆகியிருக்கிறது.

அந்த இடத்தில் நீங்கள் நோட்டில் 'பத்து எண்ணும் வரை மௌனம்' என்று எழுதியிருந்தீர்கள். கணக்கு டீச்சர் அல்லவா, ஓரத்தில் பென்சிலால் ஒன்று முதல் பத்து வரை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. கூடத்தில் முந்நூறு பேர், ஒரு சத்தம் இல்லை. ஒரு பிள்ளையை எழுப்பிவிட்டு நான் அவ்வளவு நேரம் பதிலுக்காகக் காத்திருந்ததே கிடையாது. இரண்டு எண்ணுவதற்குள் நானே சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். முன்வரிசையில் யாரோ இருமினார்கள். பிள்ளை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். எடுத்துக் கொடுத்தேன். நோட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. பதினெட்டு வருடமாக, தினமும் ஆறு பீரியட், "புரிஞ்சுதா?" என்று கேட்டுக் கேட்டு, அதற்கு என்ன பதில் வருமோ அது தானாக வாயில் வந்துவிட்டது. "புரிஞ்சுது டீச்சர்" என்றேன். அவளும் சொன்னாள். டீச்சர் சொன்னதைச் சொல்லவேண்டும் என்றுதானே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம்?

சொல்லி முடித்த நொடியே தெரிந்துவிட்டது. உங்களிடம் ஓடி வந்தேன். அதற்குள் நீங்கள் அவள் முன்னால் நின்றுகொண்டிருந்தீர்கள். அவ்வளவு பிள்ளைகளுக்கு நடுவில், "ஒரே ஒரு வார்த்தை. அதைக்கூட மனசுல நிறுத்தத் தெரியல. நீயெல்லாம் எதுக்குப் படிக்க வர்ற?" என்றீர்கள். அவள் உங்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் வந்து பாராட்டினார். இப்போது சொன்னால் அவர் பேச்சைக் கேட்டு நான் வேண்டுமென்றே செய்ததாகத்தானே நினைப்பீர்கள் என்று பயந்து மென்று விழுங்கிவிட்டேன். நீங்கள் எப்படியும் அப்படித்தான் நினைத்தீர்கள்.

அந்த வாரமே ராஜினாமா கொடுத்துவிட்டுப் போனீர்கள். வழியனுப்பக்கூட நான் வரவில்லை.


பிப்ரவரி 15

டீச்சர்,

உங்கள் கடிதத்தை அச்சகத்தில் வைத்துப் படித்தேன். அன்றைக்குத் திருத்திய பக்கங்களில் மூன்று பிழைகளை விட்டுவிட்டேன் என்று மறுநாள் முதலாளி சொன்னார்.

உங்கள் மேல் முதலில் வந்த கோபத்தில் ஒரு பதில் எழுதினேன். அனுப்பவில்லை. பதினேழு வருடமாக உங்களை விலைபோனவர் என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டு திரிந்தேன். அதில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்திருக்கிறது. நாடகத்தைக் கெடுத்தது யார் என்றே யோசித்துக்கொண்டிருந்தால் மற்றதை யோசிக்க வேண்டாம் அல்லவா? அந்தப் பிள்ளையைத் திட்டினேன் என்பது ஞாபகம் இருந்தது. "எதுக்குப் படிக்க வர்ற" என்று சொன்னது ஞாபகம் இல்லை. நீங்கள் எழுதிய பிறகு என் குரலிலேயே கேட்கிறது.

புரியவில்லை என்று சொல்கிற பிள்ளையை அதட்டக் கூடாது என்று நாற்பது பக்கம் எழுதினவன் நான்.

அவள் இப்போது எங்கே இருக்கிறாள்? பிள்ளைகள் எல்லாரும் அவளை 'மூணாம் பெஞ்சு' என்று கூப்பிடுவார்கள். மேலே படித்தாளா?


பிப்ரவரி 24

ஐயா,

நீங்கள் கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்த கேள்வி இதுதான்.

அந்த வேஷத்தை அவளுக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? வகுப்பிலேயே கையைத் தூக்கி, "டீச்சர், இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்கிற ஒரே பிள்ளை அவள்தான். அவள் கேட்பதால்தான் மற்றவர்களுக்கும் பாதிக் கணக்கு புரியும். நான்கூட அவளை, "வந்துட்டாம்மா என் இன்ஸ்பெக்டர்" என்று கிண்டல் செய்வேன்.

விழாவுக்குப் பிறகு இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை. பிறகு வந்தாள். அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். கை தூக்கவில்லை. "புரிஞ்சுதா?" என்று அவளைத் தனியாகவே கேட்பேன். "புரிஞ்சுது டீச்சர்" என்பாள். முகத்தைப் பார்த்தாலே புரியவில்லை என்று தெரியும். உங்கள் நாடகத்தில் வருகிற டீச்சர் கரும்பலகையை அழித்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தார். நான் அழிக்கவில்லை. பாடம் முடிக்க வேண்டியிருந்தது. அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினால் அந்த நாளைப் பற்றிப் பேச வேண்டிவருமே என்ற பயமும் இருந்தது. இரண்டு வருடம், ஒவ்வொரு நாளும், "புரிஞ்சுது டீச்சர்". பத்தாம் வகுப்புத் தேர்வில் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறினாள். கணக்கில் பத்தொன்பது. அதோடு படிப்பு நின்றது.

தபால் நிலையத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பது அவள்தான். பள்ளியில் எதற்கு நகல் எடுக்க வேண்டுமென்றாலும் பியூனை அனுப்புவேன். தபால் போட நான் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை, சந்தைப் பக்கம் சுற்றிக்கொண்டு போகிறேன். உங்களுக்கு எழுதுகிற கடிதங்களையும் அப்படிச் சுற்றிப் போய்த்தான் போடுகிறேன்.

நோட்டை நேற்றுத் திறந்து பார்த்தேன். டிக் எல்லாம் அப்படியே இருக்கிறது.


மார்ச் 2

டீச்சர்,

நோட்டை அவள் கடையில் கொடுத்து நகல் எடுத்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் அனுப்பவே வேண்டாம். நாடகம் போடாமல் போனால் போகட்டும்.

உங்களுக்கு உத்தரவு போடுகிற தகுதி எனக்கு இல்லை என்று தெரியும். நானே அவளுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அவளுடைய உண்மையான பெயரே எனக்கு ஞாபகம் வரவில்லை. 'மூணாம் பெஞ்சு' என்று உறையின் மேல் எழுத முடியுமா?


மார்ச் 13

ஐயா,

போனேன்.

சனிக்கிழமை, பதினொரு மணிக்கு. கடை சின்னதுதான். ஒரு மெஷின், ஒரு மேஜை, காகிதக் கட்டு அடுக்கிய ஒரு அலமாரி. கண்ணாடி போட்டிருக்கிறாள். "வாங்க டீச்சர்" என்றாள், ஏதோ நேற்றுத்தான் பார்த்த மாதிரி. நோட்டை நீட்டினேன். எத்தனை பிரதி என்று மட்டும் கேட்டுவிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தைத் திருப்பி, கவிழ்த்து, மூடியை அழுத்தி, எடுத்து. எதையும் படிக்கவில்லை. நகல் எடுக்கிறவர்கள் படிக்கமாட்டார்கள் போலிருக்கிறது. நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக எண்ணிக்கொண்டே நின்றேன்.

முப்பத்தெட்டாம் பக்கத்தில் நிறுத்தினாள். நோட்டை நிமிர்த்தி வைத்துப் பார்த்தாள். பென்சிலில் எழுதின எண்கள்மேல் விரலை வைத்தாள். ஆறு வரைக்கும்தான் டிக் இருக்கிறது.

"ஆறுலயே விட்டுட்டீங்களா?" என்றாள். "நான் ஏழு வரைக்கும் வந்திருந்தேன்."

"நீ மறந்துட்டேன்னு நினைச்சேன்மா" என்றேன்.

"நான் மறக்கல டீச்சர். எண்ணிக்கிட்டுதான் நின்னேன். நீங்க வேற மாதிரி எடுத்துக் கொடுத்ததும், மாத்திட்டாங்க போல, டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டேன்."

அவளுக்கு முதலிலிருந்தே தெரியும், ஐயா. நாம் இத்தனை கடிதம் எழுதிக் கண்டுபிடித்தது அவளுக்குப் பதினாலு வயதிலேயே தெரியும். நீங்கள் திட்டியபோது என்மேல் கைகாட்டியிருக்கலாம். காட்டவில்லை.

"ஐயா திட்டறப்ப நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு மறுபடி முதல்லேர்ந்து எண்ணினேன். பத்து வரைக்கும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். தலைமையாசிரியர் கூப்பிட்டது, நான் மறுத்தது, வாய் தவறியது, நீங்கள் தப்பாக நினைப்பீர்களே என்று பயந்தது, அப்புறம் ஒரு நாள் போகட்டும், இன்னொரு நாள் போகட்டும் என்று தள்ளித் தள்ளி அவளுடைய தேர்வே வந்துவிட்டது எல்லாம். வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி வரிசையாக, ஒன்று விடாமல். சொல்லி முடித்து, "அதனாலதான் அன்னைக்கு நான் வாயைத் திறக்கலம்மா. புரிஞ்சுதா?" என்றேன்.

பழக்கம், ஐயா. கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொண்டாள். அவசரமே படவில்லை. இந்தத் தடவை நான் வாயைத் திறக்காமல் நின்றேன்.

"புரியல டீச்சர்" என்றாள்.

பிறகு மீதிப் பக்கங்களையும் நகல் எடுத்தாள். அடுக்கித் தட்டி, பின் அடித்துக் கையில் கொடுத்தாள். அதற்குள் யாரோ பாஸ்புக்கோடு வந்து நிற்க, அவர்கள் பக்கம் திரும்பிவிட்டாள். நான் உறை வாங்கத் தபால் நிலையத்துக்கு அந்தத் தெரு வழியாகவே நடந்து போனேன்.

நகல் இத்துடன் இருக்கிறது. முப்பத்தெட்டாம் பக்கத்தில் டிக் எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது.

கணக்கு டீச்சர்


மார்ச் 19

டீச்சர்,

நகல் வந்தது. உங்களைத் தப்பாக நினைத்ததற்கு என்னை மன்னித்துவிடுங்கள் என்று இத்தனை நாளில் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

குழுப் பெண்ணிடம் கொடுத்தேன். ஒத்திகை ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவது பெஞ்சாக நடிக்கிற பெண் மௌனத்தை மூன்று எண்ணிக்கையில் முடித்துவிட்டு, "அதுக்கு மேல நின்னா ஜனங்க எழுந்து போயிடுவாங்க ஐயா" என்கிறாள். பத்து என்று எழுதியிருக்கிறது, பத்துதான் என்று சொல்லியிருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை அங்கே வருகிறேன். உங்களைப் பார்க்க அப்புறம் வருகிறேன், முதலில் தபால் நிலையத் தெருவுக்கு. பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களை அவள் பத்து எண்ணும் வரை நம்பியிருக்கிறாள். என்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. அவளிடம் என்ன பேசுவது என்று எழுதிப் பார்த்தேன். வழக்கம்போல மூன்று பக்கம் வந்தது. நீங்கள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு அடித்துக்கொண்டே வந்தேன். ஒரு வரி மிஞ்சியிருக்கிறது. அதையும் அவள் கேட்டுக்கொள்வாள் என்று சொல்வதற்கில்லை.

இதை முடித்துக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து நின்று, மனத்துக்குள் பத்து எண்ணிப் பார்த்தேன். அன்று நான் பாட்டுக்குப் 'பத்து எண்ணும் வரை மௌனம்' என்று எழுதிவிட்டேன், ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை.

எவ்வளவு நேரம், டீச்சர். அந்தப் பிள்ளை அப்படி இரண்டு தடவை நின்றிருக்கிறாள்.

தமிழாசிரியர்